கொக்கு முத்திரைத் துவக்கு

கல்முனைக்குடி
11.01.2025

தம்பி இன்பாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தக் கண்டு பயந்திராத, எல்லாரும் சுகம். போன் இரிக்கக்குள்ள ராத்தா என்னத்துக்குக் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். இது போனில கதைக்கிற விஷயமுமில்ல, படம் புடிச்சு அனுப்புற விஷயமுமில்ல. வாசி, விளங்கும்.

மகள் அப்ராட கலியாணத்துக்கு ஊட்டத் திருத்துறம் எண்டு சொன்னன்தானே. வாப்பாட சாமான் அறையில சீலிங் பலகை உக்கிப்போய்க் கிடந்திச்சு. நேத்து மேசன் முகம்மது தம்பி அதக் கழட்டக்குள்ள மேலயிருந்து ஒரு பொட்டலம் தொம்மெண்டு விழுந்திச்சு. பழைய சாரத் துணி. அதுக்குள்ள எண்ணெய்க் கடதாசி. அதுக்குள்ள ஒரு கைத்துவக்கு, பிஸ்டல்.

மேசனும் பாத்துட்டாரு, நானும் பாத்துட்டன். மறுகா அவரு, "தங்கச்சி, நான் ஒண்டும் காணல்ல" எண்டாரு. காணாத மனிசன் ஏணியால ஏன் அவ்வளவு கெதியா இறங்கினாரு? தேத்தண்ணி குடுத்து, "காக்கா, ஊட்டுல புள்ளைட கலியாணம் வருது, வாயத் துறந்திராதீங்க" எண்டு கெஞ்சி அனுப்பினன்.

உன்ட மச்சானப் பத்தித் தெரியும்தானே. வயலுக்குள்ள புடையன் பாம்பக் கண்டாலும் நல்ல நிறம் எண்டு சொல்லிக்கிட்டு நிக்கிற ஆள். துவக்கக் கையில எடுத்துப் பாத்துட்டு, "நல்ல பாரம்" எண்டாரு. அவ்வளவுதான் அவர்ர யோசனை.

எனக்கு நித்திரை இல்ல. 2019ல ஈஸ்டர்க் குண்டுவெடிப்புக்குப் புறகு தேடுதல் நடக்கக்குள்ள, இந்த ஊட்டுக்குள்ள ஆமிக்காரர் நிண்டு நம்மட இறைச்சிக் கத்திட நீளத்த அளந்து பாத்தாங்க. அப்ப இது அவங்கட தலைக்கு மேல கிடந்திரிக்கி.

வாப்பா இதப்பத்தி உன்னட்ட எப்பவாவது சொன்னாரா? நீதான் ஞாயிற்றுக்கிழமையில பழைய சாமான் விக்கிற ஆளாச்சே, இது என்ன, என்ன செய்யிற எண்டு சொல்லு. ஒரு கடதாசி ஒற்றையில துவக்க வச்சு பென்சிலால சுத்திவரக் கீறி இதோட வச்சிரிக்கன். பக்கத்தில ஒரு முத்திரை இரிக்கி, கோழி மாதிரி. அதயும் கீறியிரிக்கன். பதில் கடிதத்திலதான். போனில ஒரு சொல்லும் வரக்குடா.

ராத்தா,
சுல்பிகா


லெஸ்டர்
30.01.2025

அன்புள்ள ராத்தா,

வ அலைக்கும் ஸலாம். முதல்ல மூச்ச விடுங்க. இது வெடித் துவக்கு இல்ல, காத்துத் துவக்கு. உள்ளுக்குள்ள ஒரு சுருள் கம்பி இருக்கும். மேல இருக்கிற குழலத் தூக்கி மடக்கினா கம்பி இறுகும், விசைய இழுத்தா காத்து ஒரு சின்ன ஈயக் குண்டத் தள்ளும். அதால ஒரு காகத்தக்கூட ஒழுங்கா விழுத்தேலா.

ஓம், வாப்பா சொல்லியிருக்காரு. அவர்ர வாப்பா, நம்மட மூத்தவாப்பா, இங்கினியாகலையில அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில ஒரு வெள்ளக்கார இஞ்சினியர்ர ஜீப் ஓடினவரு. அந்தத் துரை ஊருக்குப் போகக்குள்ள குடுத்திட்டுப் போனதாம். பிரச்சின காலத்தில வாப்பா அத எங்கயோ ஒளிச்சுட்டாரு. வித்துட்டாரு எண்டுதான் நான் நினைச்சிருந்தன்.

உங்கட கீறலக் கொண்டுபோய் மிஸ் ஹார்ப்பர் எண்டவட்டக் காட்டினன். ஏலக் கம்பனி ஒண்டுல பழைய துவக்குகளுக்கு விலை மதிக்கிறவ. முதல்ல சிரிச்சா. மறுகா கண்ணாடியப் போட்டுக்கிட்டு சிரிக்காமப் பாத்தா. ராத்தா, அது கோழியில்ல, கொக்கு. பர்மிங்காம்ல நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த ஒரு சின்னக் கம்பனிட முத்திரை. கொஞ்சக் காலத்தில பூட்டிப் போச்சுது.

இப்பக் கவனமா வாசிங்க. அந்தக் கம்பனி முதல் முதல் செஞ்ச துவக்குகள்ல கொக்கு ஒத்தக்கால்ல நிக்கும். மறுகா அச்ச மாத்தினாங்க, கொக்கு ரெண்டு கால்ல நிக்கும். ரெண்டு கால் கொக்கு இங்க சந்தையில கிடைக்கும். ஒத்தக்கால் கொக்கு உலகத்திலயே அஞ்சாறுதான் தெரிஞ்சிருக்காம். நீங்க கீறினதில கால் ரெண்டா ஒண்டா எண்டு விளங்கல்ல. கோழிக் கால் மாதிரி விரல் எல்லாம் போட்டு வச்சிருக்கீங்க.

பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துச் சொல்லுங்க. அதோட ஒண்டு: தேய்க்க வேணாம். எண்ணெய் போட வேணாம். துடைக்கவும் வேணாம். இரும்புக்கு மேல கறுத்த நீலத்தில ஒரு தோல் மாதிரி இருக்கும், அதுதான் காசு. துருவிருந்தா இருக்கட்டும்.

உங்கட தம்பி,
இன்பாஸ்


கல்முனைக்குடி
17.02.2025

தம்பி,

உன்ட கடிதம் வந்த நாளும் உன்ட மச்சான் வேலைய முடிச்ச நாளும் ஒண்டு.

தேய்க்க வேணாம் எண்டதுக்குக் கீழ நீ மூணு கோடு போட்டிரிந்தாய். நான் அத வாசிச்சுக்கிட்டே வளவுக்குள்ள போனா, மனிசன் துருத் தேய்க்கிற எமரிக் கடதாசியத் தண்ணியில அலசிக்கிட்டு நிக்காரு. பக்கத்தில வாழையிலையில அந்தச் சாமான் காயிது. வெள்ளி நிறம். வாசல் கேற்றுக்கு அடிச்ச பெயின்ட் மிச்சமிரிந்திச்சாம்.

"என்ன வேலை செஞ்சிரிக்கீங்க?" எண்டன்.

"துருப்புடிச்சிரிந்திச்சு புள்ள. இப்பப் பாரு, புதுசு மாதிரி."

"தம்பி தேய்க்க வேணாமெண்டு எழுதியிரிக்கான்."

"அத அவன் முந்தியே எழுதியிரிக்கலாமே" எண்டாரு.

நான் என்ன செய்ய, சொல்லு. முப்பது வருஷமா இந்த மனிசனோடதான் கிடக்கன்.

கொக்குட கழுத்து இரிக்கி, சிறகு இரிக்கி. வயித்துக்குக் கீழ எமரி போட்டு வழிச்செடுத்திட்டாரு. ஒரு காலுமில்ல, ரெண்டு காலுமில்ல. கொக்கு ஆத்துல முங்கிக்கிட்டு நிக்கிற மாதிரி கிடக்கு.

இது காணாதெண்டு, குழலத் தூக்கினா கம்பி இறுகும் எண்டு நீ எழுதினத நான் வாய்விட்டு வாசிச்சிட்டன். உடனே தூக்கிப் பாத்தாரு. அது திருப்பி அடிச்சதில பெருவிரல் நகம் போச்சு. ஆசுபத்திரியில ஜன்னல் கதவு நசிச்சது எண்டு பொய் சொன்னாரு. கைய ஏந்திக்கிட்டு வந்து, "கம்பி நல்லா வேலை செய்யிது" எண்டாரு.

மேசன் வாயத் துறந்துட்டாரு. முந்தநாள் நிந்தவூர்ல இருந்து முகந்தெரியாத ஒருத்தன் மோட்டச் சைக்கிள்ல வந்து, "ராத்தா, ஒரு பழைய துவக்கு விக்க இரிக்காமே" எண்டு கேக்கான். தையல் மெசினுக்கு முன்னால நாலு பொம்புளயள் சட்டை அளவு குடுத்துக்கிட்டு நிக்காங்க. அவங்களுக்கு முன்னால கேக்கான்.

நீ என்னடா எண்டா போனில "கொக்குக்கு எத்தின கால்" எண்டு கேக்காய். அதான் வெட்டினன். கொக்கெண்டும் கேக்க வேணாம், கோழியெண்டும் கேக்க வேணாம். இத எப்பிடி ஊட்ட விட்டு எடுக்கிற எண்டு மட்டும் சொல்லு.

சுல்பிகா


லெஸ்டர்
04.03.2025

ராத்தா,

நோன்போட கோவப்படக் குடாதெண்டு நோன்பு துறந்துபோட்டுத்தான் எழுதுறன்.

கேற்றுக்கு அடிக்கிற பெயின்ட்! மிஸ் ஹார்ப்பரிட்டச் சொன்னன். கையில இருந்த கோப்பைய மேசையில வச்சிட்டு, "ஏன்?" எண்டு கேட்டா. அந்த ஒரு கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ற? என்ட ராத்தாட மாப்பிள்ளைக்கு வெள்ளி நிறம் புடிக்கும் எண்டா?

நல்லபடியா இருந்திருந்தா நாலாயிரம் பவுண் போகுமாம். நம்மட காசில பதினஞ்சு லட்சத்துக்கு மேல. இப்ப அதுல மூணுல ஒரு பங்கு, அதுவும் ஒத்தக்கால் எண்டு காட்ட ஏலுமெண்டா மட்டும். மச்சான் ஒரு எமரிக் கடதாசியால பத்து லட்சத்தத் தேய்ச்சுத் தண்ணியில ஊத்தியிருக்காரு. அவருக்கு இத வாசிச்சுக் காட்டுங்க.

முத்திரைக்கு மேல ஒரு மெல்லிய கடதாசிய வச்சு பென்சிலால ஒத்தியெடுத்து அனுப்புங்க. கண்ணுக்குத் தெரியாத அடையாளம் சிலவேளை கடதாசியில விழும்.

ஊட்ட விட்டு எடுக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. ஏப்ரல்ல நம்மட ஊர்ப் பொடியன் ஒருத்தன் இங்க வாறான். குழல் வேற, புடி வேற, கம்பி வேற எண்டு கழட்டி, உடுப்புக்குள்ள ஒண்டு, மாசிக்கருவாட்டுப் பொதிக்குள்ள ஒண்டு, தையல் மெசின் சாமானோட ஒண்டு வச்சு அனுப்பினா ஒருத்தருக்கும் தெரியாது. யோசிச்சுப் பாருங்க.

இன்பாஸ்


கல்முனைக்குடி
20.03.2025

இன்பாஸ்,

யோசிச்சுப் பாத்தன். உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு எண்டு விளங்கிச்சு.

மாசிப் பொதிக்குள்ள துவக்கா? ஆர்ர புள்ள அத எயார்போட்டுக்குள்ள கொண்டு போற? அவன் புடிபட்டா அவன்ட உம்மா என்ட வாசல்ல வந்து விழுந்து அழுவா, அப்ப நீ லெஸ்டர்ல இருந்து "பயப்படாதீங்க" எண்டு போன் எடுப்பாய். 2019லயும் அதைத்தான் செஞ்சாய். நம்மட ஒழுங்கையில ஒரு பொடியன, போனில இருந்த ஒரு படத்துக்காகப் புடிச்சு ஒரு வருஷம் வச்சிரிந்தாங்க. திரும்பி வந்தவன் இண்டைக்கு வரைக்கும் ஆரோடயும் முகம் பாத்துக் கதைக்கிறல்ல. இதெல்லாம் உனக்குக் கதை. எனக்குப் பக்கத்து ஊடு.

அப்ராக்குப் பேசின மாப்பிளைட உம்மா சபியா உம்மா வந்திரிந்தா. இப்தாருக்குக் கஞ்சி கொண்டு வந்தன் எண்டு சொன்னா. கஞ்சிய வச்சிட்டு, நாலு சுவரயும் பாத்துட்டு, "சுல்பிகா, என்னவோ கதைக்காங்களே, உண்மையா?" எண்டா. பொய் சொல்ல வாய் வரல்ல. நோன்பு வேற. "ஓம் மாமி, பழைய காத்துத் துவக்கு ஒண்டு" எண்டன். "காத்தோ நெருப்போ, துவக்குத்தானே" எண்டுபோட்டு எழும்பிட்டா. கஞ்சிச் சட்டிய வாங்கவும் இன்னும் ஆள் அனுப்பல்ல.

அவ போனதும் உன்ட மச்சானுக்கு ரோசம் வந்துட்டு. துவக்க உரப்பையில சுத்திக்கிட்டு போனாரு, வெறுங்கையோட வந்தாரு. நற்பிட்டிமுனை வயலுக்குள்ள வாடிக் குடிலுக்குக் கீழ புதைச்சிட்டாராம். "இனி ஒரு தலையிடியும் இல்ல" எண்டாரு. தம்பி, அறுவடை முடிஞ்சு அந்த வாடியச் சுத்தி மெசின்காரன், மூட்டை தூக்கிறவன் எண்டு முப்பது பேர் திரியிறாங்க. துவக்க ஊட்டுக்குள்ள வச்சிரிக்கிறது ஒரு குற்றம். புதைச்சு வைக்கிறது அதவிடப் பெரிய குற்றம் எண்டு இந்த மனிசனுக்கு ஆர் சொல்ற?

நீ கேட்ட ஒத்தல், புதைக்கிறதுக்கு முந்தி எடுத்தது, இதோட இரிக்கி. கொக்குக்குக் கால் வரல்ல.

சுல்பிகா


லெஸ்டர்
09.04.2025

ராத்தா,

பெருநாள் வாழ்த்து. போனில சொல்ல விடல்ல, நான் பேரச் சொல்ல முந்தி வெட்டுறீங்க.

புதைச்சா? ஈர மண்ணுக்குள்ளயா? மிஸ் ஹார்ப்பரிட்ட இனி எந்த முகத்தோட போறதெண்டு எனக்குத் தெரியல்ல. போனன். ஒத்தலக் காட்டினன். கால் இல்லாட்டியும், கழுத்து வளையிற விதத்தப் பாத்தா முந்தின அச்சாத்தான் இருக்கும் எண்டா. ஆனா உறுதியாச் சொல்ல இன்னொரு இடம் இருக்காம். புடியில ரெண்டு பக்கமும் மரப் பலகை இருக்குதானே, அதுல ஒரு திருகாணி. அதக் கழட்டினா உள்ளுக்குள்ள இரும்பில இலக்கமும், அதே முத்திரை சின்னதாவும் குத்தியிருக்கும். அங்க ஒருத்தரும் தேய்ச்சிருக்க மாட்டாங்க. மச்சானும்தான், இன்ஷா அல்லாஹ்.

தோண்டி எடுத்துக் கழட்டிப் பாருங்க. இந்த ஒண்டத்தான் கேக்கன்.

நீங்க கோவப்படுவீங்க, இருந்தும் எழுதுறன். உம்மாட ஊடு உங்களுக்கு வந்திச்சு. வயலும் உங்களுக்கு. பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுக்கிறது நம்மட வழக்கம், அதப் பத்தி நான் ஒருநாளும் வாய் துறந்ததில்ல. ஆனா வாப்பாட சாமான் எண்டு என்ட கைக்கு ஒரு கரண்டிகூட வரல்ல. இது ஒண்டு வருது எண்டு நினைச்சன். அதயும் உங்கட மாப்பிள தேய்ச்சு, பூசி, புதைச்சிட்டாரு. எனக்கு எரிச்சல் வரக் குடாதா?

இன்பாஸ்


கல்முனைக்குடி
28.04.2025

இன்பாஸ்,

ஊடு எனக்கு வந்திச்சு, உண்மை. ஊட்டோட உம்மாவும் வந்தா. கடைசிக் காலம் முழுக்க அவவப் புரட்டிப் போட்டது, கழுவினது, ராவில ஆரெண்டு தெரியாம என்னையே ஏசக்குள்ள கேட்டுக்கிட்டிரிந்தது, எல்லாம் இந்த ஊட்டுக்குள்ளதான். பங்கு கேக்கிற ஆள் அதுலயும் கேட்டிரிக்கணும். இனி இதப்பத்தி நான் எழுத மாட்டன்.

நீ கேட்டதச் செஞ்சன். வயலுக்கு நானே போனன், மண்வெட்டி புடிச்சு நானே தோண்டினன். உன்ட மச்சான் வரம்பில நிண்டு "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" எண்டாரு. ஊட்டுக்கு வந்து தையல் மெசின்ட திருப்புளியால அந்தப் பலகையக் கழட்டினன். உள்ளுக்குள்ள இரும்பு நீ சொன்ன மாதிரிக் கறுத்த நீலம். புள்ள பிறந்த நேரத்துக் கண் மாதிரி இரிந்திச்சு, பொய் சொல்லல்ல. இலக்கம் 31. கொக்கு ஒத்தக்கால்லதான் நிக்கி. மத்தக் கால மடக்கி வயித்தோட வச்சிரிக்கி. அப்ராவும் பாத்தா. சந்தோசப்படு.

மறுகா நான் நினைச்சதச் செஞ்சன். பலகையத் திரும்பப் பூட்டி, சீலைப் பையில போட்டு, அடுத்த நாள் காலையில பொலிசுக்குக் கொண்டுபோனன். தனியப் போகல்ல. அப்ராக்கு இங்கிலீசு படிப்பிச்ச சாரதாதேவி ரீச்சர்ர மகன் வினோதன் கல்முனையில லோயரா இரிக்காரு. அவரக் கூட்டிக்கிட்டுப் போனன். "நீங்களாக் கொண்டு குடுக்கிறதுதான் நல்லது அக்கா, ஆனா லேசா முடியும் எண்டு நான் சொல்லமாட்டன்" எண்டாரு.

பையிலயிருந்து எடுத்து மேசையில வச்சதும், அங்க நிண்ட சார்ஜன் வெள்ளிப் பூச்சப் பாத்துச் சிரிச்சாரு. "புள்ளையள்ட விளையாட்டுச் சாமானா?" எண்டாரு. ஸ்டேசன் பெரியவரு சிரிக்கல்ல. கையில எடுத்துப் பாரம் பாத்தாரு.

"ஏன் பெயின்ட் அடிச்சீங்க? மறைக்கவா?"

"இல்ல சேர், என்ட மாப்பிளைக்குத் தெரியாது. துரு எண்டு நினைச்சு அடிச்சாரு."

"ஏன் இதுல ஈர மண் இரிக்கி?"

வினோதன் என்னப் பாத்தாரு. நான் உள்ளதச் சொன்னன். புதைச்சம், பயத்தில புதைச்சம், நான்தான் தோண்டி எடுத்தன் எண்டு. பெரியவரு கன நேரம் எழுதிட்டு, கோட்டுக்கு வழக்குப் போடணும் எண்டாரு. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லக்குள்ளதான் வெளிய வந்தன். மறுகா ஜீப்பில ஊட்டுக்கு வந்து சீலிங்கப் பாத்தாங்க. மரியாதையாத்தான் பாத்தாங்க. ஆனா ஜீப் ஜீப்தானே. ஒழுங்கை முழுக்க வாசலுக்கு வந்திட்டு.

மஃரிபுக்குப் புறகு சபியா உம்மா ஆள் அனுப்பினா. கோட்டு வழக்கு முடியட்டும், மறுகா கலியாணத்தப் பாப்பம் எண்டு. ஹஜ்ஜிப் பெருநாளோட வச்ச நாள் இனி இல்ல. அப்ரா என்னோட கோவிக்கல்ல, "நீங்க செஞ்சது சரிதான் உம்மா" எண்டா. சொல்லிப்போட்டு அறையப் பூட்டிக்கிட்டா. அதான் எனக்குத் தாங்கல்ல.

வாப்பாட மகன் நீ. இது ஆர்ர, எப்பிடி வந்த எண்டு உன்ட சத்தியக் கடதாசி வேணும், அது வெடித் துவக்கில்ல எண்டு விலை மதிக்கிறவட எழுத்தும் வேணும் எண்டு வினோதன் சொல்றாரு. யோசனை சொன்னது போதும். இத ஒண்டச் செய்.

சுல்பிகா


லெஸ்டர்
14.05.2025

ராத்தா,

இது ஊருக்கு வாற ஒருத்தர்ட கையில வருது. கெதியாக் கிடைக்கும்.

சத்தியக் கடதாசி இருக்கு. மிஸ் ஹார்ப்பர் ரெண்டு கடதாசி எழுதித் தந்திருக்கா. ஒண்டுல இது காத்துத் துவக்கு, வெடி மருந்து போடேலா, எந்தத் தோட்டாவும் போகாது எண்டு இருக்கு. மத்ததுல இது முப்பத்தோராம் இலக்கம், ஒத்தக்கால் முத்திரை, உலகத்தில மிச்சமிருக்கிற ஆறு ஏழுல ஒண்டு, இந்தக் கோலத்திலயும் ஆயிரத்தி நானூறு பவுண் பெறும் எண்டு இருக்கு.

ரெண்டையும் கோட்டுல குடுங்க. ரெண்டாவதக் குடுத்தாத்தான் உடைக்காம விடுவாங்க. கெஞ்சிக் கேக்கன்.

உம்மாவப் பத்தி நீங்க எழுதினதுக்குப் பதில் எழுத நாலு தரம் இருந்தன். கிழிச்சுப் போட்டன்.

இன்பாஸ்


கல்முனைக்குடி
24.07.2025

தம்பி,

திங்கக்கிழமை கோட்டு முடிஞ்சிட்டு. போனில "முடிஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" எண்டு மட்டும் சொன்னன். நீ "அது?" எண்டு கேட்டாய். நான் போன வெட்டிட்டன். இதுதான் அதுக்குப் பதில். முழுக்க வாசிச்சுப்போட்டுக் கோவப்படு.

எங்கட வழக்கு எடுக்க முந்தி, வராந்தாவில வச்சு வினோதன் ரெண்டு கடதாசியையும் கையில வச்சுக்கிட்டுச் சொன்னாரு: "அக்கா, பொலிசு துவக்கக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிச்ச அறிக்கையும் வந்திட்டு, காத்துத் துவக்கு எண்டுதான் இரிக்கி. முதல் கடதாசியக் குடுத்தா இண்டைக்கே முடியும். ரெண்டாவதையும் குடுத்தா, பெறுமதியான பழம்பொருள் எண்டு நூதனசாலைக்கு எழுதுவாங்க, அவங்க ஆள் அனுப்பிப் பாக்கணும், மறுகா ஆருக்குச் சொந்தம் எண்டு பாக்கணும். அடுத்த வருஷமும் நீங்க இந்த வராந்தாவிலதான் நிப்பீங்க."

"குடுத்தா எங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா?"

"அதுக்கு அனுமதி வேணும். கிடைக்கும் எண்டு என்னால சொல்லேலா."

உன்ட மச்சான் பக்கத்தில நிண்டாரு. அவரப் பாத்தன். வழமையா எதுக்கும் ஏதாவது சொல்ற மனிசன், குனிஞ்சு நகம் இல்லாத விரலத் தடவிக்கிட்டு நிண்டாரு. "உன்ட இஷ்டம் புள்ள" எண்டாரு. அப்ரா வாசல் பக்கம் நிண்டா. ஊர்ப் பொம்புளயள் ரெண்டு பேர் வேற வழக்குக்கு வந்தவங்க, அவட முகத்தையே பாத்துக்கிட்டு நிக்காங்க. நான் வினோதன்ட கையிலயிருந்து ரெண்டாவது கடதாசிய வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டன்.

வழக்குக் கூப்பிட்டாங்க. நீதவான் இளம் மனிசன். அறிக்கைய வாசிச்சாரு, உன்ட சத்தியக் கடதாசிய வாசிச்சாரு. மறுகா துவக்க எடுத்துக் காட்டச் சொன்னாரு. அந்த வெள்ளிப் பூச்சோட அது மேசையில கிடக்கக்குள்ள எனக்கே பாவமா இரிந்திச்சு. அவரு திடீரெண்டு என்னப் பாத்துக் கேட்டாரு: "அம்மா, இது பழைய சாமான் எண்டு தெரியுது. உங்களுக்குப் பெறுமதியான பொருளா?"

கை பைக்கு மேலதான் இரிந்திச்சு. பொய் சொல்ல ஏலா. உன்னையும் நினைச்சன். தம்பி, உண்மையா நினைச்சன்.

"சேர்," எண்டன், "வேற ஆக்களுக்குப் பெறுமதியா இரிக்கும். இது என்ட ஊட்டுக்குள்ள வந்த நாள்ல இருந்து நான் நித்திரை கொள்ளல்ல. என்ட மகள்ட கலியாணம் நிண்டு போச்சு. எனக்கு இது வேணாம்."

கொஞ்ச நேரம் எழுதினாரு. நானாக் கொண்டு வந்து குடுத்ததால கடுமையா எச்சரிச்சு விடுறதாம். துவக்கு அரசுடைமை. மத்தச் சட்டவிரோத ஆயுதங்களோட சேத்து அழிக்கச் சொல்லிட்டாரு.

வெளிய வந்து வெயிலில நிண்டன். சந்தோசம் வரும் எண்டு நினைச்சன், வரல்ல. பஸ்ஸில ஏறின புறகுதான், நீ கேட்ட ஒண்டே ஒண்டு அதுதானே எண்டு நினைப்பு வந்திச்சு. அழுதுட்டன். உன்ட மச்சான் பயந்துபோய் சோடாப் போத்தல் வாங்கித் தந்தாரு.

நான் செஞ்சதப் பிழை எண்டு நீ சொன்னா, சொல்லு. திரும்ப அந்தக் கோட்டுல நிப்பாட்டினாலும் அதைத்தான் சொல்லுவன்.

சபியா உம்மா நேத்து வந்தா. செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் எண்டு சொல்லிட்டுப் போறா. ஊட்டுக்குள்ள வேற என்ன ஒளிச்சு வச்சிரிக்கீங்க எண்டு சிரிச்சுக்கிட்டுக் கேட்டா. நான் சிரிக்கல்ல. அப்ரா சிரிச்சா.

ராத்தா


லெஸ்டர்
19.08.2025

ராத்தா,

உங்கட கடிதம் வந்து கன நாளாப் போச்சு. போனும் எடுக்கல்ல. கோவம்தான், மறைக்கல்ல. பார்சல் கொண்டு குடுக்கிற வேனுக்குள்ள தனிய இருந்து உங்களோட சத்தம் போட்டுச் சண்டை புடிச்சன். பார்சல் வாங்க வந்த பொம்புள பயந்துட்டா.

மிஸ் ஹார்ப்பரிட்டப் போய்ச் சொன்னன். ஒரு தடிச்ச புத்தகத்தத் துறந்து, முப்பத்தொண்டுக்கு நேர ஒரு வரி எழுதினா. சிலோன்ல இருந்திச்சு, அழிஞ்சு போச்சு எண்டு. மறுகா, உங்கட அக்கா ஏன் அந்தக் கடதாசியக் குடுக்கல்ல எண்டு கேட்டா. கலியாணத்தச் சொன்னன், ஜீப்பச் சொன்னன், 2019ஐச் சொன்னன். இங்க வந்து இத்தின வருஷத்தில அதையெல்லாம் ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல. இங்கிலீசுல சொல்லிக்கிட்டுப் போகக்குள்ளதான் எனக்கே உறைச்சிச்சு. நான் கொக்குட கால எண்ணிக்கிட்டு இருந்திருக்கன், நீங்க வாசல்ல ஜீப் நிக்குதா எண்டு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.

அவ புத்தகத்த மூடி வச்சா. மறுகா, "நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டன்" எண்டா. விலை மதிக்கிறவ அப்பிடிச் சொல்லிட்டா, இனி நான் என்ன சொல்ற?

அதுக்காக எனக்குக் கோவம் போயிட்டு எண்டு நினைக்க வேணாம். உம்மாட விஷயத்தில நீங்க எழுதினது இன்னும் குத்துது. ஊடு விஷயத்தில எனக்கும் சொல்ல இருக்கு. மச்சானோட தனியாக் கதைக்க இருக்கு. எல்லாத்தையும் எழுதித்தான் பாத்தன், ஒண்டும் சரிவரல்ல.

லீவு கேட்டு வச்சிருக்கன். டிக்கட் எடுத்துட்டன். செப்டம்பர் இருபதுக்கு இறங்குவன். எயார்போட்டுக்கு ஒருத்தரும் வர வேணாம், கொழும்புல இருந்து ராவு பஸ்ஸில வந்துடுவன். அப்ராக்கு என்ன வேணும் எண்டு போனில சொல்லுங்க, இத மட்டுமாவது போனில சொல்லலாம்தானே.

ஊட்டுக்கு வந்து, பயணக் களை தீர்ந்த புறகு, முன் அறையில இருந்து ஒழுங்காச் சண்டை புடிப்பம். கடிதத்தில புடிச்சா நீங்க திருப்பி ஏச மூணு கிழமை எடுக்குது.

இன்பாஸ்